கண்ணில் படாத வேலைக்கு யார் ஆசைப்படுவார்?

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் விண்ணப்பத்தில் பல ஆண்டுகள் ஒரு கட்டுரைக் கேள்வி இருந்தது. நீ எந்த உலகத்திலிருந்து வருகிறாய், உன் குடும்பமோ சமூகமோ பள்ளியோ, அதைப் பற்றிச் சொல். அந்த உலகம் உன் கனவுகளையும் லட்சியங்களையும் எப்படி உருவாக்கியது என்றும் சொல். இவ்வளவுதான் கேள்வி. பார்க்க எளிதாக இருக்கிறது, பதினேழு வயதில் உட்கார்ந்து பதில் எழுதிப் பார்த்தால்தான் கஷ்டம் புரியும். முதல் பாதியை யாரும் எழுதிவிடுவார்கள். வீடு இப்படி, அப்பா அம்மா இப்படி, பள்ளி இப்படி என்று வரிகள் ஓடும். அந்த "எப்படி"க்கு வந்ததும் கை நின்றுவிடும். "நான் கஷ்டங்களைப் பார்த்தேன், அதனால் மருத்துவராக விரும்புகிறேன்" என்று ஒரே தாவலில் முடித்துவிடுகிறவர்கள்தான் அதிகம். இடையில் என்ன நடந்தது என்பது எழுதுகிறவருக்கே தெரியாது. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது, தன் ஆசை எங்கிருந்து வந்தது என்று தெரிந்து வைத்திருக்கிற பெரியவர்களே குறைவு.

நான் எழுத நினைப்பது அந்த இடைப்பட்ட பகுதியைப் பற்றி. வளர்ந்த இடமும், சுற்றி இருந்த மனிதர்களும், இரண்டு பண்பாடுகளுக்கு நடுவே வளர நேர்ந்திருந்தால் அந்த இழுபறியும், ஒரு மாணவரின் லட்சியத்துக்குள் எந்த வழியாகப் புகுகின்றன? "பெரிதாகக் கனவு காணுங்கள்" என்று மேடைக்கு மேடை சொல்கிறார்கள். எனக்கு அதைக் கேட்டாலே கொஞ்சம் எரிச்சல் வரும். கனவு காண மனதில் துணிச்சல் இருந்தால் போதும், சின்னதாக ஆசைப்படுகிற பிள்ளைக்கு அந்தத் துணிச்சல் போதவில்லை என்று சொல்லாமல் சொல்கிற பேச்சு அது. இந்தத் துறையில் நடந்த ஆய்வுகளைப் படித்தால் வேறு மாதிரி தெரிகிறது. பிள்ளைகளிடம் ஆசைக்குப் பஞ்சமில்லை, எதற்கெல்லாம் ஆசைப்படலாம் என்ற பட்டியல்தான் குட்டையாக இருக்கிறது, அந்தப் பட்டியலைப் போட்டவர்களும் அவர்கள் இல்லை.

பொருளியலாளர் தேவ்ராஜ் ராய் 2006இல் எழுதிய கட்டுரை ஒன்றில் இதை ஒரு ஜன்னலாகச் சொல்கிறார். யாரும் தன் வாழ்க்கையை உலகத்தில் இருக்கிற அத்தனை பேரோடும் ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை, ஜன்னலுக்கு வெளியே தெரிகிறவர்களோடு மட்டும்தான் ஒப்பிடுகிறார். தன்னைப் போலவே இருக்கிறவர்கள் மட்டும் தெரிந்தால் ஏறிப்போக ஒன்றும் கண்ணில் படாது. எட்டாத உயரத்தில் இருக்கிறவர்கள் மட்டும் தெரிந்தாலும் பயனில்லை, நடுவில் கிடக்கிற பள்ளத்தைப் பார்த்தே கால் பின்வாங்கிவிடும். கொஞ்சம் முயன்றால் இவரைப் போல ஆகலாம் என்ற தூரத்தில் யாராவது தெரிய வேண்டும். வெற்றிக் கதைகள் ஏன் பல சமயம் வேலை செய்வதில்லை என்பதற்கு இதுவே போதுமான விளக்கம் என்று நினைக்கிறேன். உலகப் புகழ் பெற்ற ஒருவரின் கதையைக் கேட்டு மாணவர்கள் கைதட்டுவார்கள், அப்புறம் வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

மானுடவியலாளர் அர்ஜுன் அப்பாதுரை 2004இல் இன்னொரு பக்கத்திலிருந்து வந்தார். ஆசைப்படுவதை அவர் ஒரு திறனாகவே பார்த்தார், அதுவும் பழகப் பழகக் கூடுகிற திறனாக. புதிய இடத்தில் வழி கண்டுபிடித்துப் போகிற திறன் மாதிரி என்றார். இரண்டு பிள்ளைகளிடம் கேட்டால் இரண்டு பேரும் "டாக்டர்" என்றுதான் சொல்வார்கள். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு எந்தப் பாடம் எடுக்க வேண்டும், எந்தத் தேர்வு எப்போது வரும், சந்தேகம் வந்தால் எந்த மாமாவைக் கேட்கலாம், தேர்வில் தவறினால் அடுத்து என்ன என்பதெல்லாம் சாப்பாட்டு நேரப் பேச்சிலேயே காதில் விழுந்துவிடுகிறது. இன்னொரு பிள்ளைக்குத் தொடக்கம் தெரியும், முடிவு தெரியும், நடுவில் வெறும் புகை. ஆசையின் அளவு இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

பட்டியல் எப்போது சுருங்குகிறது என்பதற்கு, எனக்குத் தெரிந்து, லிண்டா காட்ஃபிரெட்சன் 1981இல் முன்வைத்த கோட்பாடுதான் தெளிவானது. குழந்தைகள் ஒரு வேலையைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு வளர்வதில்லை, மனதில் உள்ள பட்டியலிலிருந்து வேலைகளை ஒவ்வொன்றாக அடித்து நீக்கிக்கொண்டே வளர்கிறார்கள் என்பது அவர் சொன்னதன் சாரம். மூன்றிலிருந்து ஐந்து வயதில் பெரியவர்கள், சின்னவர்கள் என்ற வேறுபாடு மட்டும் புரிகிறது, வேலை என்பது பெரியவர்கள் செய்வது, அவ்வளவுதான். ஆறிலிருந்து எட்டில் இது ஆண்கள் வேலை, அது பெண்கள் வேலை என்ற கோடு விழுகிறது, பாதிப் பட்டியல் அங்கேயே போய்விடும். ஒன்பதிலிருந்து பதின்மூன்றுக்குள் மதிப்பு என்ற விஷயம் பிடிபடுகிறது. எந்த வேலையைச் சொன்னால் வீட்டில் முகம் சுளிப்பார்கள், எது நம்மைப் போன்றவர்களுக்கு ரொம்ப மேலே என்று இரண்டு முனைகளும் வெட்டுப்படுகின்றன. எனக்கு என்ன பிடிக்கும், எது வரும் என்று யோசிக்கத் தொடங்குவது பதினாலுக்கு மேல்தான். அதாவது, உனக்கு என்ன விருப்பம் என்று நாம் உட்கார்ந்து கேட்கிற நேரத்தில் பெரும்பாலான வேலைகள் ஏற்கனவே அடிக்கப்பட்டாயிற்று. அடித்தது தான்தான் என்பதும் அந்தப் பிள்ளைக்கு நினைவில்லை, ஏனென்றால் அதை ஒரு முடிவாக அது எடுக்கவே இல்லை.

பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் மேம்பாட்டு அமைப்பு 2020இல் வெளியிட்ட அறிக்கை ஒன்று 41 நாடுகளின் 15 வயது மாணவர்களைப் பற்றியது. முப்பது வயதில் என்ன வேலையில் இருப்பீர்கள் என்ற கேள்விக்குப் பையன்களில் 47 சதவீதமும் பெண்களில் 53 சதவீதமும் வெறும் பத்து வேலைகளுக்குள்ளேயே பதில் சொல்லியிருந்தார்கள். 2000இல் இருந்ததைவிட 2018இல் இந்த நெரிசல் கூடியிருந்தது. இணையம் வந்து உலகத்தையே கையில் கொடுத்த பிறகும் பட்டியல் நீளவில்லை என்பது முதலில் எனக்கு ஆச்சரியமாக இருந்தது, யோசித்துப் பார்த்தால் அவ்வளவு ஆச்சரியமில்லை. திரை நிறைய மனிதர்களைக் காட்டுகிறது, அவர்கள் காலையில் எழுந்து என்ன வேலை செய்கிறார்கள் என்பதைக் காட்டுவதில்லை.

சரி, சுற்றுப்புறம் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். அதில் எது, எவ்வளவு நுணுக்கமாக வேலை செய்கிறது? இதற்கு அமெரிக்காவில் காப்புரிமை வாங்கிய சுமார் 12 லட்சம் பேரின் பதிவுகளையும் அவர்கள் வளர்ந்த குடும்பங்களின் வரிக் கணக்குகளையும் இணைத்து அலெக்ஸ் பெல், ராஜ் செட்டி, சேவியர் ஜராவெல், நெவியானா பெட்கோவா, ஜான் வான் ரீனன் ஆகிய ஐந்து பேர் செய்த ஆய்வை நான் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். 2019இல் வந்தது. வருமானத்தில் உச்சியில் இருக்கும் ஒரு சதவீதக் குடும்பங்களின் பிள்ளைகள் கண்டுபிடிப்பாளராகும் வாய்ப்பு, கீழ்ப்பாதிக் குடும்பங்களின் பிள்ளைகளைவிடப் பத்து மடங்கு. இது ஒருவேளை திறமையில் உள்ள வேறுபாடாக இருக்குமோ என்று கேட்பவர்கள் இருப்பார்கள், ஆய்வாளர்களும் அதைக் கேட்டுப் பார்த்தார்கள். மூன்றாம் வகுப்புக் கணக்குத் தேர்வில் மிக நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளைகளை மட்டும் எடுத்துப் பார்த்தாலும், வசதியான வீட்டுப் பிள்ளைகள்தான் பெரும்பாலும் கண்டுபிடிப்பாளர் ஆகியிருந்தார்கள். கணக்கு நன்றாக வந்தால் மட்டும் போதவில்லை.

அதற்கு அடுத்து வருவதுதான் எனக்குப் பிடித்த பகுதி. மினியாபொலிஸ் நகரில் மருத்துவக் கருவி செய்கிற நிறுவனங்கள் அதிகம், சிலிக்கான் பள்ளத்தாக்கில் கணினி நிறுவனங்கள். இரண்டு இடத்திலும் வளர்ந்தவர்கள் பெரியவர்களாகி பாஸ்டனில் குடியேறியிருக்கிறார்கள். இப்போது ஒரே நகரம், ஒரே வேலைச் சந்தை. இருந்தும் மினியாபொலிஸில் வளர்ந்தவர்கள் மருத்துவக் கருவிகளிலும், பள்ளத்தாக்கில் வளர்ந்தவர்கள் கணினியிலும் காப்புரிமை வாங்கும் வாய்ப்பு கூடுதலாக இருக்கிறது. சின்ன வயதில் பக்கத்து வீட்டுக்காரர் என்ன செய்தார் என்பது அவ்வளவு காலம் கூடவே வருகிறது. பெண் பிள்ளைகளின் விஷயத்தில் இது இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. ஒரு குறிப்பிட்ட தொழில்நுட்பத்தில் பெண் கண்டுபிடிப்பாளர்கள் அதிகம் இருந்த பகுதியில் வளர்ந்த பெண்கள் அதே தொழில்நுட்பத்தில் காப்புரிமை வாங்குகிறார்கள். அங்கே ஆண் கண்டுபிடிப்பாளர்கள் எத்தனை பேர் இருந்தாலும் இந்தப் பெண்களுக்கு அது உதவவில்லை. பையன்கள் ஆண் கண்டுபிடிப்பாளர்களைப் பார்க்கிற அளவுக்குப் பெண் பிள்ளைகள் பெண் கண்டுபிடிப்பாளர்களைப் பார்த்து வளர்ந்திருந்தால் ஆண், பெண் இடைவெளி பாதியாகக் குறைந்திருக்கும் என்று மதிப்பிட்டார்கள். ராயின் ஜன்னலுக்கு இதைவிட நேரடியான சாட்சி கிடைக்காது. ஜன்னலில் ஆள் தெரிந்தால் போதாது, தன்னைப் போன்ற ஆள் தெரிய வேண்டும்.

இதே ராஜ் செட்டி, நதானியல் ஹெண்ட்ரன், லாரன்ஸ் காட்ஸ் மூவரும் 2016இல் இன்னொரு பழைய பரிசோதனையைத் தோண்டி எடுத்தார்கள். 1994க்கும் 1998க்கும் இடையே அமெரிக்க அரசு ஐந்து பெரிய நகரங்களில் அரசுக் குடியிருப்புகளில் இருந்த சுமார் 4,600 ஏழைக் குடும்பங்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினருக்கு வறுமை குறைந்த இடத்துக்குக் குடிபோனால் மட்டும் செல்லுபடியாகும் வாடகை உதவிச் சீட்டு கொடுத்தது. முதலில் வந்த முடிவுகள் ஏமாற்றம் தந்தன, இடம் மாறிய பெரியவர்களின் வருமானம் ஏறவே இல்லை. திட்டம் தோற்றுவிட்டது என்று பலர் முடிவு கட்டிவிட்டார்கள். குழந்தைகள் வளர்ந்து வேலைக்குப் போகும் வரை காத்திருந்து பார்த்தால் படம் மாறியது: பதின்மூன்று வயதுக்கு முன் இடம் மாறியவர்கள் இருபதுகளின் நடுவில், சீட்டு கிடைக்காத குடும்பத்துப் பிள்ளைகளைவிட 31 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்தார்கள், கல்லூரிக்கும் அதிகம் போனார்கள். பதின்மூன்றைத் தாண்டியபின் மாறியவர்களுக்கு லாபமில்லை, லேசாக நஷ்டம்கூட. நல்ல இடத்துக்குப் போவது நல்லதுதானே என்று பொதுவாகச் சொல்ல முடியாது என்பது இதில் தெரிகிறது. சூழல் என்பது வருடக் கணக்கில் உடம்பில் சேர்கிற ஒன்று, பதினைந்து வயதில் திடீரென்று மாற்றினால் பழைய நண்பர்களும் போய்விடுகிறார்கள், புதியது சேரவும் நேரமில்லை. காட்ஃபிரெட்சனின் கோடும் ஏறக்குறைய அதே வயதில் விழுந்தது தற்செயலாக இருக்கலாம், எனக்கு அப்படித் தோன்றவில்லை.

இடம் மாறாமலே ஜன்னலைப் பெரிதாக்க முடியுமா? முடியும் என்பதற்கு மேற்கு வங்கத்தில் ஆதாரம் இருக்கிறது. 1993 அரசியல் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு இந்தியாவில் ஊராட்சித் தலைவர் பதவிகளில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது, எந்த ஊராட்சிக்கு ஒதுக்கீடு என்பது சுழற்சியில் தற்செயலாக அமைந்ததால் அது ஒரு இயற்கையான பரிசோதனையாகிவிட்டது. லோரி பீமன், எஸ்தர் டுஃப்லோ, ரோகிணி பாண்டே, பெட்டியா டோபலோவா நால்வரும் 495 கிராமங்களில் போய்க் கேட்டார்கள், 2012இல் முடிவை வெளியிட்டார்கள். அடுத்தடுத்து இரண்டு முறை பெண் தலைவர் இருந்த கிராமங்களில், வளரிளம் பெண்களுக்கும் பையன்களுக்கும் லட்சியத்தில் இருந்த இடைவெளி 32 சதவீதம் குறைந்திருந்தது, படிப்பில் இருந்த இடைவெளி மறைந்தே போனது, வீட்டு வேலையில் பெண்பிள்ளைகள் செலவிடும் நேரமும் குறைந்தது. பெண்களுக்கு அங்கே புதிதாக வேலை வாய்ப்பு எதுவும் வந்துவிடவில்லை. மாறியது, தெருவில் நடந்துபோகும் தலைவர் ஒரு பெண் என்பதுதான். இரண்டு முறை என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு முறை வந்தால் விதிவிலக்கு என்று ஊர் ஒதுக்கிவிடும்.

காட்டினால் மட்டும் போதுமா என்றால், அங்கேயும் ஒரு வரம்பு உண்டு. டொமினிக்கன் குடியரசில் ராபர்ட் ஜென்சன் எட்டாம் வகுப்புப் பையன்களிடம் மேற்படிப்பு படித்தால் எவ்வளவு சம்பளம் கூடும் என்று கேட்டார். உண்மையில் கூடுவதைவிட மிகக் குறைவாகவே மதிப்பிட்டார்கள். அவர்கள் கண்ணில் பட்ட படித்தவர்கள் அவ்வளவுதான். சில பள்ளிகளில் உண்மையான விவரத்தைச் சொன்னார், வேறு எதுவும் செய்யவில்லை. அடுத்த நான்கு ஆண்டுகளில் அந்தப் பையன்கள் சராசரியாக 0.20 முதல் 0.35 ஆண்டுவரை கூடுதலாகப் படித்தார்கள். ஒரு தகவலுக்கு இது பெரிய பலன். ஆனால் மிக ஏழைக் குடும்பத்துப் பையன்களிடம் மாற்றம் இல்லை. நம்பினார்கள், செலவுக்கு வழியில்லை. லட்சியத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் (என்னையும் சேர்த்துத்தான்) பணத்தை மறந்துவிடுகிற இடம் இது.

இனி, இரண்டு பண்பாடுகளுக்கு நடுவில் வளர்கிறவர்களைப் பார்க்கலாம். பெற்றோர் வேறு நாட்டிலிருந்து வந்தவர்கள், அல்லது அப்பா ஒரு மொழி அம்மா ஒரு மொழி, அல்லது பெற்றோரின் வேலை காரணமாக நாடு நாடாக மாறி வளர்ந்தவர்கள். கடைசி வகைக்கு "மூன்றாம் பண்பாட்டுக் குழந்தைகள்" என்று பெயர் வைத்தவர் சமூகவியலாளர் ரூத் ஹில் யூசீம். 1950களில் கணவரோடு இந்தியாவுக்கு வந்து, இங்கே வேலை செய்த அமெரிக்கர்களைப் பற்றி ஆராய்ந்தபோது அவர்கள் பிள்ளைகளைக் கவனித்தார். பெற்றோரின் பண்பாடும் இல்லை, சுற்றியிருக்கும் பண்பாடும் இல்லை, இரண்டுக்கும் இடையில் அவர்களாகவே உண்டாக்கிக்கொண்ட ஒன்றில் வளர்கிறார்கள் என்றார். நீ எந்த ஊர் என்று கேட்டால் அவர்களுக்கு உடனே பதில் வராது.

இப்படி வளர்கிறவர்களுக்கு இரண்டு ஜன்னல் இருக்கிறது, ஆகவே ஆசையும் இரட்டிப்பாகும் என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். சில விஷயங்களில் அது உண்மைதான். கிரேஸ் காவ், மார்த்தா டியெண்டா இருவரும் 1995இல் அமெரிக்க எட்டாம் வகுப்பு மாணவர்களின் தகவல்களை வைத்துக் காட்டியது, குடியேறிய பெற்றோரின் பிள்ளைகள் பள்ளியில் நன்றாகச் செய்வதற்கு அந்தப் பெற்றோரின் நம்பிக்கை ஒரு பெரிய காரணம் என்பது. ஊரை விட்டு வந்ததே பிள்ளைகள் மேலே வரத்தான் என்று நினைக்கிற வீட்டில் மேற்படிப்பு ஒரு கேள்வியாகவே வருவதில்லை. சிந்தியா ஃபெலிசியானோ 2005இல் இதற்குள் இன்னும் ஒரு அடுக்கைத் தோண்டினார். குடியேறியவர்கள் வந்து சேர்ந்த நாட்டில் ஏழைகளாக இருக்கலாம், ஆனால் சொந்த நாட்டில் தங்கிவிட்டவர்களோடு ஒப்பிட்டால் அவர்கள் படிப்பில் மேல்வரிசை. அந்த ஒப்பீட்டு இடம் எவ்வளவு உயரமோ அந்த அளவுக்கு அவர்கள் பிள்ளைகள் கல்லூரிக்குப் போகிறார்கள். டாக்ஸி ஓட்டுகிற அப்பா வீட்டுக்குள் இன்னமும் பொறியாளர்தான். சம்பளச் சீட்டில் தெரியாத ஒரு சூழல் அந்த வீட்டுக்குள் இருக்கிறது, பிள்ளை அதில்தான் வளர்கிறது.

ஆனால் அந்த நம்பிக்கையே பட்டியலைக் குறுக்கவும் செய்கிறது. புதிய நாட்டில் தெரிந்தவர் இல்லை, பேச்சு உச்சரிப்பு வேறு, யாருடைய சிபாரிசும் கிடைக்காது. அப்போது குடும்பம் எதைத் தேடும்? தேர்வு எழுதித் தேறினால் யாரும் மறுக்க முடியாத வேலையை. மருத்துவம், பொறியியல், கணக்கியல். யூ ஷியேயும் கிம்பர்லி கோயெட்டும் 2003இல் ஆசிய அமெரிக்க மாணவர்களைப் பற்றி எழுதும்போது இதைத் திட்டமிட்ட தகவமைப்பு என்றார்கள், அதாவது பாகுபாடு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்க்கிற பாதையாகப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது. நம் வீடுகளில் டாக்டர், இன்ஜினியர் மோகத்தைக் கேலி செய்வது வழக்கம், நானும் நிறையவே செய்திருக்கிறேன். ஆனால் அதை மோகம் என்று சொல்வதைவிடக் காப்பீடு என்று சொன்னால் பொருத்தமாக இருக்கும். நாடகமோ பத்திரிகையோ படிக்க ஆசைப்படுகிற பிள்ளை அந்தக் காப்பீட்டை ரத்து செய்யச் சொல்கிறது, சண்டை வருவது அதனால்தான்.

அந்தச் சண்டை எப்படி முடிகிறது என்பதில்தான் இரண்டு பண்பாடு சொத்தா சுமையா என்பது தீர்மானமாகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அலெஹாண்ட்ரோ போர்ட்டஸும் ரூபன் ரும்பாவுட்டும் 1992இல் தொடங்கி மயாமி, சான் டியேகோ பகுதிகளில் 77 நாடுகளிலிருந்து வந்த குடும்பங்களின் 5,262 பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். பிள்ளை புதிய மொழியை வேகமாகக் கற்றுக்கொண்டு பெற்றோர் பின்தங்கிவிட்டால் வீட்டில் அதிகாரம் தலைகீழாகிறது. வங்கியிலும் மருத்துவமனையிலும் பள்ளிக்கூடத்திலும் அப்பாவுக்காகப் பேசுவது பிள்ளை. அந்தப் பிள்ளையிடம் வீட்டுக்கு வந்து "நான் சொல்வதைக் கேள்" என்று அப்பா சொன்னால் அதில் பாதிப் பலம்தான் இருக்கும். இப்படிப் பெற்றோரின் மொழியையும் உறவையும் உதறிவிட்டுப் புதியதில் கரைகிறவர்கள், புதிய இடத்தில் தாங்கிப் பிடிக்க ஆளில்லாமல் சரிந்துவிடும் ஆபத்து அதிகம். வீட்டு மொழியை வைத்துக்கொண்டே, சொந்தச் சமூகத்தின் பிடிப்போடு, புதியதையும் கற்றவர்கள் மேலாகச் செய்தார்கள். சீக்கிரம் கரைந்துவிடுவதுதான் முன்னேற்றம் என்ற பழைய எண்ணத்துக்கு இது நேர் எதிர்.

மொழி விஷயத்திலும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தார்கள். இரண்டு மொழி பேசினால் பிள்ளைக்கு மூளை குழம்பிவிடும் என்று ஆசிரியர்களே சொன்ன காலம் உண்டு. 1962இல் எலிசபெத் பீலும் வாலஸ் லாம்பர்ட்டும் மான்ட்ரியலில் பத்து வயதுப் பிள்ளைகளைச் சோதித்தபோது இருமொழிப் பிள்ளைகள் பின்தங்கவில்லை, முன்னால் இருந்தார்கள். பின்னால் வந்தவர்கள் இந்த முடிவைக் கொஞ்சம் தணித்துப் படிக்கச் சொன்னார்கள், இரு மொழியையும் நன்றாகப் பேசுகிறவர்களை மட்டும் தேர்ந்தெடுத்ததால் வந்த சாதகமும் அதில் இருக்கலாம். குழப்பம் என்ற பேச்சு மட்டும் அதன் பிறகு வலுவிழக்கத் தொடங்கியது.

வெரோனிகா பெனெட் மார்ட்டினெஸ் என்ற உளவியலாளர் இருபண்பாட்டுக்காரர்களிடமே ஒரு வேறுபாடு கண்டார். சிலர் தங்கள் இரண்டு அடையாளங்களையும் ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகிறவையாக உணர்கிறார்கள், சிலருக்கு இரண்டும் எதிரெதிர். முதல் வகையினர் இடத்துக்குத் தக்கபடி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குச் சிரமமில்லாமல் மாறுகிறார்கள். இரண்டாம் வகையினருக்கு ஒரு பண்பாட்டின் அடையாளத்தைக் காட்டினால் வீம்புக்கு மற்றதன் பக்கம் சாய்கிறார்கள். கார்மிட் டாட்மோர், ஆடம் கலின்ஸ்கி, வில்லியம் மாடக்ஸ் ஆகியோர் 2012இல் பார்த்ததும் இதையொட்டியது. வெளிநாட்டில் வாழ்ந்தவர்களில், இரண்டு பண்பாட்டையும் தன்னுடையதாக எடுத்துக்கொண்டவர்கள் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டவர்களைவிடப் புதிதாக யோசிப்பதிலும் தொழிலிலும் முன்னே இருந்தார்கள். இதற்கு மூன்று வருடம் முன் மாடக்ஸும் கலின்ஸ்கியும் காட்டிய ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: வெளிநாட்டில் வாழ்வது படைப்புத் திறனோடு தொடர்புடையது, சுற்றுலா போவது இல்லை. பார்த்துவிட்டு வருகிறவருக்குத் தன் பழக்கம் எதையும் மாற்றிக்கொள்ள வேண்டிய அவசியமில்லையே.

மாணவர்களின் விஷயத்துக்கு இதைக் கொண்டுவந்தால், வீட்டை நண்பர்களிடமிருந்தும் நண்பர்களை வீட்டிடமிருந்தும் மறைக்க வேண்டியிருக்கும் பிள்ளைக்கு இரண்டு பட்டியலும் சேர்ந்து நீளமாவதில்லை. இரண்டிலும் பொதுவாக இருப்பது மட்டும்தான் பாதுகாப்பானது, அந்தப் பொதுப் பகுதி எப்போதும் சின்னது. வெளிப்படையாக இரண்டையும் வைத்துக்கொள்ள முடிகிற பிள்ளைக்குத்தான் இரண்டும் சேர்ந்து கிடைக்கிறது. ஒரே கலப்பு, ஒரு வீட்டில் கூட்டல், ஒரு வீட்டில் கழித்தல்.

பல பண்பாட்டுப் பிள்ளைகளை ஒரே கட்டடத்தில் உட்கார வைத்தால் கலப்பு நடந்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். 2022இல் செட்டியும் அவருடைய குழுவும் ஃபேஸ்புக்கில் 7 கோடிக்கு மேற்பட்ட அமெரிக்கர்களின் நட்புகளை ஆராய்ந்தார்கள். ஏழைப் பிள்ளைகள் பிற்காலத்தில் மேலே ஏறுவதோடு மிக வலுவாகத் தொடர்புடையதாக இருந்தது, வசதியானவர்களோடு அவர்களுக்கு எவ்வளவு நட்பு இருக்கிறது என்பதுதான். அந்த நட்பு குறைவாக இருப்பதற்குப் பாதிக் காரணம் ஒரே இடத்தில் சந்திக்காதது. மீதிப் பாதி, ஒரே பள்ளியில் ஒரே வளாகத்தில் இருந்தும் பழகாதது. வகுப்பைத் திறமைவாரியாகப் பிரிப்பது, பெரிய பள்ளிகளில் கூட்டம் கூட்டமாகத் தனித்துப்போவது எல்லாம் இதில் சேர்கிறது. சாப்பாட்டு இடைவேளையில் யார் யாரோடு உட்கார்கிறார்கள் என்று ஒரு வாரம் பார்த்தால் பள்ளியின் விளம்பரத்தில் சொல்லாதது எல்லாம் தெரிந்துவிடும்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இவையெல்லாம் ஆயிரக்கணக்கானவர்களின் சராசரி. ஒரே வீட்டில், ஒரே தெருவில், ஒரே இரண்டு மொழிகளோடு வளர்ந்த அண்ணனும் தங்கையும் வேறு வேறு திசையில் போகிறார்கள். ராபர்ட் ப்ளோமினும் டெனிஸ் டேனியல்ஸும் 1987இல் இதைப் பற்றியே ஒரு புகழ்பெற்ற கட்டுரை எழுதினார்கள்: சகோதரர்கள் ஏன் இவ்வளவு வேறுபடுகிறார்கள்? வீடு ஒன்றுதான், ஆனால் இருவருக்கும் கிடைக்கிற சூழல் ஒன்றில்லை என்பது அவர்கள் பதில். குடியேறிய குடும்பத்தில் இது கண்கூடு. மூத்த பிள்ளை வந்த புதிதில் பெற்றோருக்காக அலுவலகம் அலுவலகமாகப் போய் மொழிபெயர்த்த பிள்ளை, கடைக்குட்டி பிறந்தபோது அம்மாவே சரளமாகப் பேசிக்கொண்டிருப்பார். ஆகவே அந்த விண்ணப்பக் கேள்விக்கு மூத்தவர் எழுதும் பதிலைக் கடைக்குட்டி பார்த்து எழுத முடியாது.

அந்தக் கேள்வியே இப்போது இல்லை. 2017இல் சேர்ந்த மாணவர்களுக்கான விண்ணப்பத்திலிருந்து எட்டுக் கேள்விகளில் நான்குக்கு 350 வார்த்தைக்குள் பதில் எழுதும் முறைக்குப் பல்கலைக்கழகம் மாறிவிட்டது. தலைமைப் பண்பு, திறமை, சந்தித்த சவால் என்று கேட்கிறார்கள். வந்த உலகத்தைப் பற்றிக் கேட்பது குறைந்து, நீ என்ன செய்தாய் என்று கேட்பது கூடியிருக்கிறது. மதிப்பிடுகிறவர்களுக்கு அது வசதியாக இருக்கலாம், எனக்குப் பழைய கேள்விதான் பிடிக்கும். பழைய கேள்வியை யாராவது என்னிடம் கொண்டுவந்தால், நீ எதற்கு ஆசைப்படுகிறாய் என்பதை விட்டுவிட்டு, எந்த வேலைகளை எப்போது அடித்தாய் என்று ஒரு தாளில் எழுதிப் பார்க்கச் சொல்வேன். யார் முகம் சுளித்தபோது அடித்தாய், யாரைப் பார்க்காததால் அது பட்டியலிலேயே வரவில்லை. ஒரு மணி நேரம் ஆகும். "எப்படி"க்கான பதில் அங்கேதான் கிடக்கும்.

இந்தக் கட்டுரைக்காகத் திரும்பப் படித்தபோது ஒரு விஷயம் கண்ணில் பட்டது. குழந்தையைச் சுற்றி வீடு, பள்ளி, அக்கம்பக்கம், சமூகம் என்று வளையங்களாகச் சூழல் இருக்கிறது என்று 1979இல் விளக்கி, இந்தப் பேச்சு முழுவதற்கும் அடித்தளம் போட்டவர் யூரி ப்ரான்ஃபென்ப்ரென்னர். அவர் 1917இல் மாஸ்கோவில் பிறந்தவர், ஆறு வயதில் அமெரிக்கா வந்தார். போர்ட்டஸும் ரும்பாவுட்டும் ஹவானாவில் பிறந்தவர்கள். அப்பாதுரை பம்பாயில். ராஜ் செட்டி டெல்லியில் பிறந்து ஒன்பது வயதில் அமெரிக்கா போனவர், அதாவது அவருடைய ஆய்வே சொல்கிற அந்தப் பதின்மூன்றுக்கு நான்கு வருடம் முன்னால்.